அப்பாவின் கோப்பு

நேற்று ராத்திரி, கிரேக்கத்தில் பிறந்த இயக்குநர் கோஸ்டா கவ்ராஸின் ‘இசட்’ படத்தை மூன்றாவது தடவையாகப் பார்த்தேன். 1969-இல் வந்தது. 1963-இல் கிரேக்கத்தின் தெசலோனிகியில் லாம்ப்ராகிஸ் என்ற எம்.பி. கொல்லப்பட்டதுதான் கரு.

முதல் தடவை, யார் அடித்தது, யார் ஏவியது என்றே கவனித்தேன். இப்போது கண்ணில் பட்டது வேறு. இந்தப் படத்தில் துப்பாக்கியைவிடக் காகிதம்தான் பயமுறுத்துகிறது. வாக்குமூலம், கையெழுத்து, டைப்ரைட்டர் சத்தம்.

கவ்ராஸின் அப்பா இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் ஆக்கிரமிப்பை எதிர்த்து இடதுசாரிகளோடு நின்றவர். போர் முடிந்ததும் கம்யூனிஸ்ட் என்று சந்தேகித்து அவரைச் சிறையில் போட்டார்கள். அதோடு விட்டார்களா? மகனுக்கு கிரேக்கத்தில் பல்கலைக்கழகக் கதவு அடைபட்டது, அமெரிக்க விசாவும் கிடைக்கவில்லை. அப்பா பெயரில் எங்கோ இருந்த ஒரு கோப்பு பையனின் படிப்பைத் தீர்மானித்தது! அப்படித்தான் பாரிஸ் போனார், சினிமா படித்தார்.

அதிகாரி முகத்தை அவர் காட்டும் விதம் அங்கிருந்து வந்ததாகத்தான் எனக்குப் படுகிறது. குற்றம் சாட்டப்பட்ட ராணுவ, போலீஸ் பெரிய தலைகள் ஒவ்வொருவராக வெளியேறும்போது, பூட்டிய கதவைத் திறக்கப் பார்த்து அசடு வழிவார்களே, அது வெறும் நகைச்சுவை இல்லை. வீட்டில் ரொம்ப நாள் அடக்கி வைத்த சிரிப்பு.

1967-இல் கிரேக்கத்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்துவிட்டதால் படத்தை அல்ஜீரியாவின் அல்ஜியர்ஸில் போய் எடுத்தார்கள். இசை தியோடோராகிஸ். அவரோ அப்போது அதே ராணுவத்தின் காவலில்.

இன்று ராத்திரி நாலாவது தடவை. வீட்டில் திட்டுவார்கள்.