எக்ஸ்ஹெச்பி70.2 பேட்டரி லைட்: முதல் 15 நொடி மங்கல் தீர்ந்தது

மூன்று முறை கழற்றி மாட்டிய பிறகு வெளிச்சம் நின்று எரிகிறது. க்ரீ எக்ஸ்ஹெச்பி70.2 எல்இடி, 6 வோல்ட் இணைப்பு, அதைத் தாங்கும் 20 மி.மீ. செப்புப் போர்டு, 4 ஆம்பியர். ராத்திரி மோட்டார் போடப் போகிறவருக்குக் கிணற்று மேட்டில் நின்றபடி கடைசித் தென்னை வரிசையில் காட்டுப்பன்றி நிற்கிறதா என்று தெரிய வேண்டும், அதற்கான லைட் இது. ரிஃப்ளெக்டரும் சுவிட்சும் இன்னும் பாக்கி. போர்டு அலுமினியப் பாடியில் உட்கார்ந்து சூடு கடத்தும் இடத்தில்தான் எல்லா நேரமும் போனது என்பதால் அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

கோளாறு இதுதான். போட்டவுடன் கண்ணைப் பறிக்கும், 15 நொடியில் இறங்கிவிடும். சுவரிலிருந்து ஒரே தூரத்தில் லைட்டையும் போனையும் அசையாமல் வைத்து லக்ஸ் (வெளிச்ச அளவு) பார்த்ததில் அந்த 15 நொடியில் 13 சதவீதம் போனது. அதற்கப்புறம் 5 நிமிடத்தில் மெதுவாக இன்னும் 6. கரண்டைக் கட்டுப்படுத்தும் டிரைவர் மேல்தான் முதல் சந்தேகம். தொடராக மீட்டர் வைத்துப் பார்த்தால் 4.0 ஆம்பியர் அசையவே இல்லை. கரண்ட் நிற்கிறது, வெளிச்சம் மட்டும் விழுகிறது என்றால் சிப் சுடுகிறது என்று அர்த்தம்.

"பாடி சில்லென்று இருந்தால் சூடு எல்இடியில் தேங்குகிறது, பாடி சுட்டால் எல்லாம் சரி" என்று சொல்வார்கள். அது இங்கே உதவாது. எல்இடிக்குப் போவது சுமார் 26 வாட், அதில் மூன்றில் இரண்டு பங்கு, ஏறக்குறைய 18 வாட், சூடாகிறது. செப்புப் போர்டின் எடை 5 கிராம்கூட இல்லை, அதில் எவ்வளவு சூடுதான் தேங்கும்? போர்டுக்கும் பாடிக்கும் இடையிலான ஒட்டு மோசமாக இருந்தாலும் சில நொடிகளில் சிப் தேவையான அளவு சூடேறி, அதே 18 வாட்டைப் பாடிக்குத் தள்ளிவிடும். 400 கிராம் அலுமினியம் நிமிடத்துக்கு 3 டிகிரி வீதம் ஏறும், ஒட்டு நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும். கை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. முதல் 15 நொடியில் விழுவது ஒட்டின் குறை. நிமிடக் கணக்கில் விழுவது பாடியின் அளவு. இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் எதைத் திருத்துவது என்று தெரியும். மல்ட்டிமீட்டர் முனையை நேராக எல்இடி பேடிலேயே (வயர் பற்றவைக்கும் இடம்) வைத்தால் இன்னும் தெளிவு: சிப் சுடச் சுட அதன் வோல்டேஜ் இறங்கும். எனக்கு முதல் 15 நொடியில் 0.2 வோல்ட் இறங்கியது.

குற்றம் பாடியில் போர்டு உட்காரும் லேத் முகத்தில் இருந்தது. கோவை ஆவாரம்பாளையம் பக்கம் ஒரு பட்டறையில் ஹெச்ஈ30 அலுமினிய ராடில் கடைந்து வாங்கியது. பார்வைக்குக் கண்ணாடி மாதிரி மினுங்கியது. ஸ்டீல் ஸ்கேலின் விளிம்பை முகத்தில் நிறுத்தி, பின்னால் விளக்கு வைத்துப் பார்த்தால் நடுவில் வெளிச்சக் கீற்று. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் 0.05 மி.மீ. இலை உள்ளே போனது. டூல் குறுக்கே நகரும் கிராஸ் ஸ்லைடு, ராடைச் சுழற்றும் ஸ்பிண்டிலுக்குத் துல்லியமாகச் செங்குத்தில் இல்லாவிட்டால் ஃபேசிங் (முகம் கடைவது) கூம்பாகத்தான் வரும், உள் குழிவாகவோ மேடாகவோ. இரண்டு பாகம் விளிம்பில் பொருந்தி உட்கார வேண்டிய வேலைக்குச் சிறு குழிவு நல்லது என்று பட்டறையில் அதை வேண்டுமென்றே விடுவதும் உண்டு. எல்இடிக்கு அது சத்துரு. 7 மி.மீ. சதுரச் சிப் உட்காருவது அந்தக் குழியின் நேர் மேலே. டூல் சென்டர் உயரத்தில் இல்லாவிட்டால் இன்னொன்றும் வரும்: நட்டநடுவில் ஒரு சின்ன மொட்டு. அது போர்டையே தூக்கி நிறுத்திவிடும். அடுத்த முறை கொடுக்கும்போது "நடுவுல குழியும் வேண்டாம், மொட்டும் வேண்டாம், மட்டமா வேணுங்ணா" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

திருத்தியது கையால். 8 மி.மீ. கண்ணாடித் துண்டின் மேல் வாட்டர் பேப்பர், 220, 400, 800 என்ற வரிசையில். அலுமினியம் பேப்பரில் அப்பிக்கொள்ளும், மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்தால் அப்பாது. முகம் முழுக்க மார்க்கர் மை பூசி நாலு தேய்ப்பு தேய்த்தால் குழி இருக்கும் இடத்தில் மை மிஞ்சும். முதல் தடவை நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு மை அப்படியே நின்றது. எட்டு வடிவத்தில் தேய்த்து, 20 தேய்ப்புக்கு ஒரு முறை ராடைக் கால் சுற்று திருப்ப வேண்டும். திருப்பாவிட்டால் கை சாயும் பக்கம் விளிம்பு உருண்டுவிடும், அப்புறம் முகம் மேடாகி வேலை இரட்டிப்பாகும். 220-லேயே மை முழுக்கப் போன பிறகுதான் 400. 800-க்கு மேல் போக வேண்டியதில்லை, பளபளப்பால் பயன் ஒன்றும் கிடையாது. போர்டின் அடிப்பக்கத்தையும் இதே கண்ணாடியில் நாலு தேய்ப்பு தேய்க்கணும். வெட்டு விளிம்பில் பிசிறு இருந்தால் மற்றதெல்லாம் வீண்.

போர்டுக்கு அடியில் தடவும் சூடு கடத்தும் பேஸ்ட் எவ்வளவு? 20 மி.மீ. வட்டத்துக்கு 0.03 மி.மீ. கனம் என்றால் 9 கன மி.மீ.தான் வரும். இரண்டு மூன்று கடுகு போதும். பட்டாணி அளவு வைப்பவர்கள் பேஸ்டையே மெத்தை ஆக்குகிறார்கள்.

போர்டைப் பிடிக்க இரண்டு எம்3 ஸ்க்ரூ, 2.5 மி.மீ. துளை, மண்ணெண்ணெய் விட்டு டேப் (மரை வெட்டுவது). கால் கால் சுற்றாக மாற்றி மாற்றி முறுக்க வேண்டும். முழுப் பலத்தில் இறுக்கினால் ஓரம் அமுங்கி நடு மேலே வளையும். இரண்டாவது தடவை கெட்டது இதனால்தான்.

இப்போது முதல் 15 நொடியில் 5 சதவீதம், வோல்டேஜ் இறக்கம் 0.1-க்கும் கீழே. அந்த மெதுவான 6 அப்படியே இருக்கிறது, அது பாடியின் கணக்கு. முழு வெளிச்சம் 10 நிமிடம், பிறகு 2 ஆம்பியருக்கு இறக்கிவிட உத்தேசம்.

எல்இடியைப் போர்டில் ஒட்டியது பழைய தோசைக்கல்லில், 63/37 ஈயப் பேஸ்ட், 183 டிகிரி. மேலே உள்ள சிலிகான் குமிழைத் தொடாமல் ஓரத்தில் லேசாகத் தள்ளி, தானாகத் திரும்பி வந்தால் சரியாக ஒட்டியது என்று பொருள். அந்தக் கல் இனி அடுப்பு ஏறக் கூடாது.

டிரைவராக எக்ஸ்எல்4015 வாங்குபவர்கள் ஒன்று கவனியுங்கள். இதில் கரண்ட் அளக்கும் ரெசிஸ்டர் மைனஸ் வழியில் இருக்கிறது. பேட்டரி மைனஸும் எல்இடி மைனஸும் இரண்டுமே பாடியைத் தொட்டால் ரெசிஸ்டர் ஓரங்கட்டப்பட்டு, கரண்ட் கட்டுப்பாடே போய்விடும். எல்இடி மைனஸைப் பாடியில் தொடவிடாமல் தனி வயராகக் கொண்டு போங்கள். வோல்டேஜ் திருகையும் 6.8-க்கு மேல் வைக்காதீர்கள். மூன்று செல் தொடர்தான் இதற்குத் தோது. இரண்டு செல் போட்டால் பாதி சார்ஜிலேயே டிரைவருக்கு வோல்டேஜ் பற்றாது. 2500 மில்லி ஆம்பியர்-மணி செல் மூன்றுக்கு முழு வெளிச்சத்தில் 55 நிமிடம் வரும். உக்கடம் பழைய கடைகளில் கிடைக்கும் லேப்டாப் செல்கள் மலிவுதான், ஆனால் பேட்டரி பக்கம் 2.7 ஆம்பியர் இழுத்ததும் வோல்டேஜ் சரிகிறது. தேறியது எட்டில் இரண்டு. புது செல்லுக்கே போவது மேல்.

அடுத்தது ரிஃப்ளெக்டர். இந்த எல்இடியின் நாலு பகுதிகளுக்கு நடுவே சிலுவை போல இடைவெளி இருப்பதால் வழவழப்பான ரிஃப்ளெக்டரில் நடுவில் இருட்டு விழுகிறது. ஆரஞ்சுத் தோல் மாதிரிச் சொரசொரப்பானதை வாங்கியாயிற்று, ஓட்டைதான் பெரிது. அதன் அலுமினிய அடி எல்இடி பேடைத் தொடாமலிருக்க 1 மி.மீ. ஃபைபர் தகட்டில் ஒரு வளையம் வெட்ட வேண்டும். 100 வாட் காப் எல்இடி (பல சிப்புகள் ஒரே தகட்டில்) ஒன்றும் காத்திருக்கிறது. அதற்கு 32 வோல்ட் வேண்டும், வோல்டேஜை ஏற்றும் பூஸ்ட் டிரைவர் இல்லாமல் ஆகாது. முகம் 40 மி.மீ., தேய்க்க இதைவிட நாலு மடங்கு பரப்பு.