வழக்கை முதலில் முடித்தவள் ஸ்கைலர்

புற்றுநோய் வந்த வேதியியல் ஆசிரியர் வால்டர் வைட் போதைப்பொருள் தயாரிப்பவனாக மாறும் கதைதான் ‘பிரேக்கிங் பேட்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர். அதன் கடைசி எபிசோட் 2013 செப்டம்பர் 29 அன்று ஒளிபரப்பானது. அதைப் பார்த்தவர்கள் இருவர் இன்று சந்தித்துக்கொண்டாலும், எங்கிருந்து பேச்சைத் தொடங்கினாலும், சற்று நேரத்தில் அது வால்டரின் மனைவி ஸ்கைலரிடம் வந்து நிற்கிறது. போதைப்பொருள் அதிபன் கஸ் ஃப்ரிங்கின் முடிவைப் பற்றிய விவாதங்கள் ஓய்ந்துவிட்டன. ரைசின் விஷம் யாருக்கு என்ற யூகங்களெல்லாம் கடைசி எபிசோடோடு முடிந்துபோயின. ‘யார் செய்தார்கள்’, ‘அடுத்து என்ன நடக்கும்’ என்ற கேள்விகளுக்குக் கதை விடை சொல்லிவிட்டால், அவற்றைப் பற்றிப் பேச அதிகம் மிஞ்சுவதில்லை. ஸ்கைலர் வைட் நல்லவளா, கெட்டவளா, அவளை ஏன் பலருக்குப் பிடிக்காமல் போனது என்ற சர்ச்சைக்கு மட்டும் முடிவே இல்லை. அந்தச் சர்ச்சையில் இதுவரை போதிய இடம் கிடைக்காத ஒரு கோணத்தை எழுதிவைக்க வேண்டும் என்று வெகுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். கதையின் முடிவு உட்பட எல்லாவற்றையும் தொட்டுப் பேசப்போகிறேன் என்பதால், தொடரை இன்னும் பார்க்காதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்வது நல்லது.

ஸ்கைலர்மீது சாட்டப்படும் குற்றங்கள் அனைவரும் அறிந்தவையே. எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்கிறாள். புற்றுநோய் வந்த கணவனுக்கு ஆறுதலாக இல்லை. அவன் குடும்பத்துக்காகத்தான் எல்லாவற்றையும் செய்கிறான் என்பதைப் புரிந்துகொள்ளாமல் அவனை வீட்டைவிட்டு வெளியேற்றுகிறாள். தன் முதலாளி டெட் பெனகியோடு உறவு வைத்துக்கொண்டு, அதைக் கணவனின் முகத்துக்கு நேராகவே சொல்கிறாள். இந்த வெறுப்பு கதாபாத்திரத்தோடு நிற்கவில்லை. ஸ்கைலராக நடித்த அன்னா கன், 2013 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் எழுதிய கட்டுரையில், அது நடிகையான தம்மீதே திரும்பி, மிரட்டல் வரைக்கும் போனதை விவரித்திருக்கிறார். அதே நடிப்புக்காக அவருக்கு அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் எம்மி விருது கிடைத்தது.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம், கதை வால்டரின் பக்கத்திலிருந்து சொல்லப்படுகிறது என்பது. நோயறிக்கையை அவனோடு சேர்ந்து நாமும் கேட்கிறோம். முதல் கொலையின்போது அவனோடு சேர்ந்து நமக்கும் வியர்க்கிறது. ஆகவே அவனுக்குக் குறுக்கே வருகிறவர் எவரானாலும் நமக்கும் தடையாகத் தெரிகிறார். இது சரிதான், ஆனால் இது மட்டும் போதாது. போதுமென்றால், வால்டருக்குப் பெருந்தடையாக இருக்கும் ஹாங்க்கையும் நாம் வெறுத்திருக்க வேண்டும். போதைப்பொருள் தடுப்பு முகமையில் வேலை பார்க்கும், ஸ்கைலரின் தங்கை கணவனான அவனைப் பெரும்பாலான பார்வையாளர்களுக்குப் பிடிக்கிறது. அவன் துப்புத் துலக்கினால் கைதட்டுகிறோம். ஸ்கைலர் செய்வதும் துப்புத் துலக்கும் வேலைதான் என்பதும், அதை ஹாங்க்கைவிட வெகு முன்பாகவே அவள் செய்து முடித்துவிட்டாள் என்பதும்தான் நான் சொல்லவருவது.

தொடரின் இரண்டாவது எபிசோடிலேயே இது தொடங்குகிறது. வீட்டுக்கு வந்த ஓர் அழைப்பைப் பற்றி வால்டர் சொல்லும் சமாதானம் அவளுக்கு ஒட்டவில்லை. அதே எண்ணுக்குத் திரும்ப அழைக்கிறாள். பதிவு செய்யப்பட்ட குரல் வழியாக வால்டரின் கூட்டாளியான ஜெஸ்ஸி பிங்க்மேனின் பெயர் கிடைக்கிறது. அவனைப் பற்றித் தேடிப் படிக்கிறாள். கணவனைக் கேட்டு, அவன் தரும் அரைகுறைப் பதிலை வாங்கிக்கொண்டு, கர்ப்பிணியாக நேராக ஜெஸ்ஸியின் வீட்டுக்கே போய், தன் கணவனுக்குக் கஞ்சா விற்பதை நிறுத்து, என் தங்கை கணவன் எங்கே வேலை பார்க்கிறான் தெரியுமா என்று எச்சரிக்கிறாள். அவள் அப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போது, சில அடி தூரத்தில் வால்டரால் கொல்லப்பட்ட எமிலியோவின் பிணம் கிடக்கிறது. முதன்முறை பார்க்கும்போது நம் கவலையெல்லாம் பிணம் அவள் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்பதுதான். காட்சி சிரிப்பாகவும் படமாக்கப்பட்டிருக்கிறது. மீண்டும் பார்க்கும்போதுதான், தொடரின் முதல் புலனாய்வு இங்கே நடந்திருக்கிறது என்பதும், பயிற்சியோ அதிகாரமோ இல்லாத ஒரு பெண் ஒரே தொலைபேசி எண்ணை வைத்துக்கொண்டு குற்றம் நடந்த இடத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறாள் என்பதும் தெரிகிறது. கையில் கிடைத்த ‘கஞ்சா’ என்ற விடை பொய்யானது. அந்தப் பொய்யைக் கொடுத்தவன் வால்டர்.

இரண்டாவது சீசன் முழுக்க அவளுடைய வழக்கு ஒரு கைப்பேசியைச் சுற்றியே நடக்கிறது. காணாமல்போன வால்டர் நினைவிழந்தவனாக நடித்துத் திரும்பிய பிறகு, உன்னிடம் இன்னொரு கைப்பேசி இருக்கிறதா என்று அவள் கேட்கிறாள்; அவன் மறுக்கிறான். அது மூன்றாவது எபிசோட். அவளும் அத்தோடு விட்டுவிட்டாள் என்றுதான் நமக்குத் தோன்றும். பதின்மூன்றாவது எபிசோடில், அறுவை சிகிச்சைக்கு முன் மயக்க மருந்து ஏறிக்கொண்டிருக்கும் நிலையில் அவன் படுத்திருக்கிறான். கைப்பேசியை எடுத்துவந்தாயா என்று அவள் இயல்பாகக் கேட்க, ‘எந்தக் கைப்பேசி’ என்று அவன் வாய் உளறிவிடுகிறது. அன்னா கன்னின் முகத்தை அந்தக் கணத்தில் கவனித்துப் பாருங்கள். அதிர்ச்சியைவிட, பத்து எபிசோடுகளாகத் திறந்தே கிடந்த ஒரு கோப்பு மூடப்படும் பாவம்தான் அங்கே தெரிகிறது. அதன்பின் அவள் செய்வது அப்பட்டமான காவல்துறை வேலை. சிகிச்சைக்குப் பணம் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட கிரெட்சனிடம் கேட்கிறாள். ஒரு காசுகூடக் கொடுக்கவில்லை என்று தெரிகிறது. தாயைப் பார்க்கப் போனதாக அவன் சொன்ன நாட்களைச் சரிபார்க்கிறாள். அவன் அங்கே போகவே இல்லை. ஒவ்வொரு பொய்யையும் தனித்தனியாக உடைத்து வரிசையாக வைத்துவிட்டு வீட்டைவிட்டுக் கிளம்புகிறாள்.

மூன்றாவது சீசனின் முதல் எபிசோடில் விடையையும் சொல்லிவிடுகிறாள். நீ போதைப்பொருள் விற்பவன், இல்லாவிட்டால் இவ்வளவு பணம் எப்படி வரும் என்கிறாள். கஞ்சாவா, கோகெயினா என்று அவள் தடுமாற, மெத்தாம்ஃபெட்டமைன் என்று அவன் திருத்துகிறான். அதிலும் தான் விற்பவன் அல்ல, தயாரிப்பவன் என்று நுணுக்கம் பேசுகிறான். பிடிபட்ட பிறகும் வேதியியல் ஆசிரியர் விடைத்தாளைத் திருத்துவதை நிறுத்தவில்லை.

ஹாங்க்குக்கு உண்மை தெரியவருவது ஐந்தாவது சீசனின் எட்டாவது எபிசோடில், அதுவும் வால்டரின் வீட்டுக் கழிப்பறையில். புரட்டிப் பார்க்க எடுத்த விட்மன் கவிதை நூலில், வால்டரோடு போதைப்பொருள் தயாரித்துக் கொல்லப்பட்ட கேலின் கையெழுத்து இருக்கிறது. அற்புதமான காட்சி, மறுப்பதற்கில்லை; அடுத்த எபிசோடுக்காகப் பார்வையாளர்கள் ஏறத்தாழ ஓராண்டு காத்துக்கிடந்தார்கள். ஆனால் அது தற்செயல். கஸ் ஃப்ரிங்கை அவன் கண்டுபிடித்தது கடும் உழைப்பால் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வால்டர் விஷயத்தில் மட்டும், ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டும், ஆய்வகக் கருவிகள் வால்டரின் பள்ளியிலிருந்தே திருடு போயிருந்தும், அவனுக்குத் தோன்றவே இல்லை. ஸ்கைலர் அதற்கு இரண்டு சீசன்களுக்கு மேல் முன்னதாகவே வழக்கை முடித்துவிட்டாள். ஒருவன் கண்டுபிடித்ததற்குக் கைதட்டியவர்கள், இன்னொருத்தி கண்டுபிடித்ததை நச்சரிப்பு என்றார்கள்.

இதே பார்வையாளர்கள், வால்டரின் கண்ணெதிரே நடந்த ஜெஸ்ஸியின் காதலி ஜேனின் மரணத்தைப் பற்றிப் பேசும்போது எவ்வளவு நிதானமாகப் பேசுகிறார்கள் என்பதைக் கவனித்திருக்கிறேன். காப்பாற்றாமல் நின்றது கொலையாகுமா? ஜெஸ்ஸியை எழுப்ப அவன் உலுக்கியதில்தானே அவள் மல்லாந்து புரண்டாள், அப்படியானால் அவன் வெறும் சாட்சியா, காரணகர்த்தாவா? கையை நீட்டியவன் ஏன் பின்வாங்கினான்? ஒவ்வொரு அசைவையும் எடைபோட்டு, இரு தரப்புக்கும் இடம் கொடுத்து வாதிடுகிறார்கள். கேலைச் சுட்ட ஜெஸ்ஸியை, அவன் அழுதுகொண்டே சுட்டான் என்பதற்காக மன்னிக்கிறார்கள். கூலிக்குக் கொல்லும் மைக்கிடம்கூட ஒரு நேர்மையைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். ஜேன் வழக்கில் வக்கீலாக இருப்பவர்கள் ஸ்கைலர் வழக்கு வந்ததும் மாப்பிள்ளை வீட்டார் ஆகிவிடுகிறார்கள்.

நான்காவது சீசனில், கதவைத் தட்டுபவனே நான்தான் என்று வால்டர் முழங்கும் காட்சியைவிட இதற்குச் சிறந்த உதாரணம் வேண்டியதில்லை. அந்த வசனம் சட்டைகளில் அச்சாகி விற்றது. அது யாரிடம், எதற்காகச் சொல்லப்படுகிறது என்பதுதான் பலருக்கு நினைவில் இல்லை. கேல் கொல்லப்பட்டதைக் கேள்விப்பட்டு, அவன் சொன்னவற்றையும் இதையும் சேர்த்துப் பார்த்து, நீ ஆபத்தில் இருக்கிறாய், காவல்துறையிடம் போய்விடலாம் என்று ஸ்கைலர் சொல்கிறாள். அவளுடைய கணிப்பு அப்பழுக்கில்லாமல் சரி. அந்த நேரத்தில் கஸ் அவனுக்கு மாற்று ஏற்பாட்டைத் தேடிக்கொண்டிருக்கிறான். வால்டரோ, கேலைத் தான் நேரில் சுடவும் இல்லை, கதவைத் தட்டவும் இல்லை. அந்தப் பாவத்தைச் சுமந்தவன் ஜெஸ்ஸி. இதற்கு முந்தைய எபிசோடில்தான் வால்டர் குடிபோதையில் தற்பெருமை தாங்காமல், கேல் அப்படியொன்றும் மேதையல்ல என்று ஹாங்க்கிடம் உளறி, மூடப்படவிருந்த வழக்கைத் தானே திறந்துவிட்டிருந்தான். படுக்கையறையில் மனைவியை மிரட்டுவதற்காகச் சொன்ன பொய்ப் பெருமை, ரசிகர்களிடம் வீர வசனமாகப் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு அவள் குழந்தையோடு நான்கு மாநில எல்லைகள் கூடுமிடத்துக்குக் காரை ஓட்டிப் போய் நாணயத்தைச் சுண்டுகிறாள். அது கொலராடோ பக்கம் விழ, காலால் அதை நியூ மெக்சிகோ பக்கம் இழுத்துவிட்டு வீடு திரும்புகிறாள். சட்டையில் அச்சிட வேண்டிய காட்சி அதுதான்; ஆனால் வசனம் இல்லாததை எப்படி அச்சிடுவது!

இடையில் ஒரு பீட்சா கதை. மூன்றாவது சீசனில் அவள் வீட்டுக்குள் விடாத கோபத்தில் வால்டர் வீசும் பீட்சா கூரைமேல் போய் ஒட்டிக்கொள்ளும். கதை நடக்கும் ஆல்புகர்க்கி நகரில் இருக்கும் அந்த உண்மையான வீட்டின் கூரைமீது ரசிகர்கள் பீட்சா வீசத் தொடங்க, தயவுசெய்து நிறுத்துங்கள் என்று தொடரை உருவாக்கிய வின்ஸ் கில்லிகனே 2015-இல் வேண்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. வேடிக்கையான செய்திதான். ஆனால் அவர்கள் நடித்துக் காட்டியது எந்தக் காட்சியை? மனைவி கதவைத் திறக்க மறுத்த காட்சியை.

ஸ்கைலரைக் குற்றமற்றவளாக்குவது என் நோக்கமல்ல. கார் கழுவும் நிலையத்தை வாங்கிப் பணத்தை வெள்ளையாக்கும் திட்டத்தைத் தேர்ந்த கணக்காளராக அவளே நடத்துகிறாள். வரிக் கடனைக் கட்டச் சொல்லி டெட்டுக்கு ஆறு லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து, தப்பியோடுவதற்கு வால்டர் நம்பியிருந்த பணத்தை இல்லாமலாக்குகிறாள். அந்த விவகாரம் டெட்டைப் படுத்த படுக்கையாக்குவதில் முடிகிறது. ஜெஸ்ஸியை என்ன செய்வது என்ற பேச்சு வரும்போது, இத்தனை பேருக்குப் பிறகு இன்னும் ஒருவனால் என்ன வந்துவிடப்போகிறது என்ற பொருளில் அவள் கேட்பதைக் கேட்டு நான் உறைந்துபோனேன். கண்டுபிடித்தவளே கூட்டாளியாவதுதான் அவளுடைய வீழ்ச்சி. அதைப் பற்றிப் பேசினால் விவாதம் சுவையாக இருக்கும். வெறுப்பவர்கள் பெரும்பாலும் அதைத் தொடுவதில்லை. அவள் குற்றத்தில் பங்கேற்றது அவர்களை உறுத்தவில்லை. பங்கேற்க அத்தனை நாள் எடுத்துக்கொண்டதுதான் உறுத்துகிறது.

தெரிந்துகொண்டவளால் எதுவும் செய்ய முடியாத நிலையை, 2012-இல் வந்த ஐந்தாவது சீசனின் நான்காவது எபிசோட் காட்டுகிறது. வால்டரின் 51-வது பிறந்தநாள். பேசிக்கொண்டிருக்கும்போதே ஸ்கைலர் உடுத்திய உடையோடு நீச்சல்குளத்துக்குள் இறங்கிப் போகிறாள். பிள்ளைகளை ஹாங்க் வீட்டுக்கு அனுப்பிவைக்க அவளுக்குக் கிடைத்த வழி அது. அன்றிரவு படுக்கையறையில் அவள் சொல்லும் ஒவ்வொரு திட்டத்தையும் அவன் தர்க்கத்தால் நொறுக்கிக்கொண்டே போகிறான். கடைசியில், காத்திருப்பதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை என்கிறாள். எதற்காக என்று அவன் கேட்க, புற்றுநோய் திரும்பி வருவதற்காக என்று பதில் சொல்கிறாள். கொடூரமான சொல்தான், ஆனால் சாட்சியம் இருந்தும் நீதிமன்றம் ஏற முடியாதவளுக்கு எஞ்சியிருந்த ஒரே தண்டனை அது.

2013 செப்டம்பர் 15 அன்று வந்த எபிசோடில், குழந்தையைத் தூக்கிக்கொண்டு போன வால்டர் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்து, ஸ்கைலரை வாய்க்கு வந்தபடி ஏசுகிறான். நன்றியில்லாதவள், எப்போதும் குறை சொல்பவள், நான் கட்டியெழுப்பியதில் உனக்குப் பங்கில்லை என்கிறான். காவலர்கள் ஒட்டுக்கேட்கிறார்கள் என்று தெரிந்தே, அவளைக் குற்றத்திலிருந்து விடுவிக்கப் போடும் நாடகம் இது என்று ஒரு தரப்பும், உள்ளே இருந்த விஷம் வெளியே வந்தது என்று இன்னொரு தரப்பும் அன்றிலிருந்து மோதிக்கொள்கின்றன. இரண்டும் சேர்ந்ததே என்பது என் எண்ணம். பேசும்போது அவன் அழுகிறான், ஆனால் சொற்கள் தயக்கமின்றி வருகின்றன. எனக்குச் சுவாரசியமாகப் பட்டது வேறொன்று: அந்த ஏச்சின் ஒவ்வொரு வரியும் ஸ்கைலரை வெறுத்த பார்வையாளர்கள் ஐந்து ஆண்டுகளாகப் பேசிவந்த வரிதான். எழுத்தாளர் மொய்ரா வாலி-பெக்கெட் அதைக் கொலைகாரனின் வாயில் வைத்து, பொய்யென்று தெரியும்படி ஒலிக்கச் செய்திருக்கிறார்.

கடைசி எபிசோடில் அவள் குடிபெயர்ந்திருக்கும் சிறிய வீட்டின் சமையலறையில் வால்டர் வந்து நிற்கிறான். நான் செய்ததெல்லாம் என்று அவன் தொடங்குகிறான். குடும்பத்துக்காகச் செய்தேன் என்று இன்னொரு முறை கேட்க வேண்டியிருந்தால் என்று அவள் இடைமறிக்கிறாள். அதற்குப் பிறகுதான், எனக்காகவே செய்தேன், பிடித்திருந்தது, நன்றாகவும் செய்தேன் என்று ஒப்புக்கொள்கிறான். 62 எபிசோடுகளில் அவன் முதன்முறையாகத் தரும் முழுமையான வாக்குமூலம் அது. போவதற்கு முன் ஒரு லாட்டரிச் சீட்டை அவளிடம் கொடுக்கிறான். அதிலிருக்கும் எண்கள், ஹாங்க்கும் அவன் கூட்டாளி கோமஸும் புதைக்கப்பட்ட இடத்தின் ஆயத்தொலைவுகள். அரசு வழக்கறிஞரிடம் அதைக் கொடுத்து அவள் பேரம் பேசிக்கொள்ளலாம். வாக்குமூலமும் பிணங்கள் கிடக்கும் இடமும் அன்று ஆல்புகர்க்கி முழுவதிலும் கிடைத்தது ஸ்கைலர் ஒருத்திக்குத்தான்; வாசலில் காவலிருந்த போலீசாருக்கு அவன் வந்துபோனதே தெரியாது.