தாத்தா ஒடித்த குடை

தொண்டிக்குத் தெற்கே கடலுக்கும் கருவேலங்காட்டுக்கும் நடுவிலிருக்கும் எங்கள் ஊரில், தாத்தாவைப் பற்றி நல்ல கதைகளை மட்டுமே கேட்டு வளர்ந்தேன். ஊருணி வெட்டக் கூலி கொடுத்தவர், பஞ்சத்தில் தானியக் குதிரிலிருந்து நெல் அளந்தவர் என்பார்கள். அவை பொய்யல்ல.

1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன், 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் எங்கள் கள்ளர் சாதியினர் ஆதிதிராவிடர்மீது விதித்த எட்டுத் தடைகளைப் பதிவு செய்திருக்கிறார். பொன், வெள்ளி நகை அணியக்கூடாது, ஆண்கள் சட்டை போடக்கூடாது, பெண்கள் மேலுடம்பை மறைக்கக்கூடாது, மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக்கூடாது, குடை பிடிக்கவோ செருப்பு அணியவோ கூடாது என்று அது நீள்கிறது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன. மறு ஆண்டு பிள்ளைகள் படிக்கவும் கூடாது என்றார்கள்.

இதை அப்பாவிடம் வாசித்துக் காட்டியபோது, குடை என்ற சொல்லில் கையமர்த்தி நிறுத்தச் சொன்னார். 1957 முதுகுளத்தூர் சாதிக் கலவரத்துக்கு மறு வருடம், அவருக்குப் பத்து வயதாக இருந்தபோது, கொழும்பிலிருந்து திரும்பிய ஒருவர் ஐப்பசி மழையில் துணிக்குடை பிடித்து எங்கள் தெரு வழியே வந்திருக்கிறார். தாத்தா அதைப் பிடுங்கி முழங்காலில் வைத்து ஒடித்தாராம். தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்த நேரம் அது. திண்ணையிலிருந்த பெரியவர்கள் சிரித்ததையும், தானும் சேர்ந்து சிரித்ததையும் அப்பா என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். "அந்தக் காலம் அப்படி" என்பார் என எதிர்பார்த்திருந்தேன், சொல்லவில்லை.

ஒவ்வொரு செப்டம்பரிலும் 144 தடையுத்தரவு போட்டு அமைதி காக்கப்படும் மாவட்டம் இது. 1957 செப்டம்பரில் தலித் தலைவர் இமானுவேல் சேகரன் கொல்லப்பட்ட நாளையும், அடுத்த சில நாளில் மறவர்கள்மீது போலீஸ் நடத்திய கீழத்தூவல் துப்பாக்கிச்சூட்டையும் அவரவர் தெருவுக்குள் அவரவர் நினைவுகூர்கிறோம். அடுத்த தெருவுக்கு நாம் செய்ததை யாரும் நினைவுகூர்வதில்லை.

குடைக்காரரின் பேரன் என்னோடு ஒரே பேருந்தில் வேலைக்குப் போகிறவர். இரண்டு வாரம் தயங்கியபின் அவரிடம் சொன்னேன். அவர் அதிரவில்லை.

"எங்க வீட்ல சின்னப் புள்ளைக்கும் தெரியும்ணே. அந்தக் கம்பி இன்னும் கூரையில சொருகிக் கெடக்கு. ஒங்க வீட்லதான் இப்பப் பேசியிருக்காங்க" என்றார்.

அப்பா அந்த வீட்டுக்குப் போகவேண்டும் என்கிறார். மன்னிப்புக் கேட்கவா என்றேன். முதலில் கம்பியைப் பார்க்கவேண்டும் என்றார்.