தீபாவளியில் ஒளிந்த பூனை: நான்கு நாள் குறிப்பு

19.10.2025, ஞாயிறு, இரவு 10.30

மாலை ஆறே முக்காலுக்குத் தெருமுனையில் முதல் சரவெடி. அதன் பிறகு கருப்பியைக் காணோம். இரண்டு வயதுப் பெண் பூனை, மூன்றரைக் கிலோ.

தேட இறங்கும் முன்பே வாசல், பால்கனி, குளியலறை ஜன்னல் மூன்றும் சாத்தியாயிற்று. வாஷிங் மெஷினுக்குள் கைவிட்டுப் பார்த்து மூடி, சுவிட்சின் மேல் "போடாதே" என்று சீட்டு. பூனை காணாமல் போன வீட்டில் பெரிய ஆபத்து மெஷின் டிரம்மும் பூட்டிய பீரோவும்தான்.

பயந்த பூனை கூப்பிட்டால் வராது. ஒரு முழம் தள்ளி நின்று பெயர் சொன்னாலும் மூச்சுக் காட்டாது. அதனால் பதில் இல்லை என்பதை வைத்து அந்த அறையைத் தள்ளிவிடக் கூடாது.

விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில், கன்னத்தோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். பூனைக் கண்ணின் பின்புறம் கண்ணாடி போல ஒரு படலம் உண்டு. பட்ட வெளிச்சத்தை வந்த வழியிலேயே திருப்பும். டார்ச் இடுப்பளவில் இருந்தால் அந்தப் பச்சை மினுக்கம் நம் கண்ணுக்கு எட்டாது. முகத்தைத் திருப்பியிருந்தாலோ கண்ணை மூடியிருந்தாலோ எப்படிப் பிடித்தும் பயனில்லை. இருட்டு மூலைகளைக் கையால்தான் தடவ வேண்டும்.

பார்த்த இடங்கள்: ஃபிரிட்ஜின் பின்னால் கம்ப்ரஸர் சூடு இருக்கும் பக்கம், கட்டிலடி, இன்வெர்ட்டர் சந்து, சமையலறை டிராயர்களை முழுக்க உருவி அவற்றின் பின்புறம். சோபாவின் அடித்துணியில் கிழிசல் இருந்தால் பூனை உள்ளே ஏறிவிடும். உள்ளங்கையை மெல்ல ஓட்டினால் தொய்வும் கனமும் தெரிந்துவிடும். சோபாவைச் சாய்த்துப் பார்க்கக் கூடாது, உள்ளே நசுங்கும். தலை நுழையும் சந்தில் உடம்பும் நுழையும்; பூனையின் காறை எலும்பு மற்ற எலும்புகளோடு பூட்டாமல் தசைக்குள் தளர்வாக இருக்கும்.

எங்கும் இல்லை.

20.10.2025, திங்கள், தீபாவளி

இன்று தேடல் இல்லை. அனுமதித்த நேரம் காலை 6–7, இரவு 7–8. சத்தம் அதோடு நிற்பதில்லை. வெடிக்கு நடுவே பிடித்து இழுத்தால் கடிக்கும். கடிக்காவிட்டால் இன்னும் ஆழமான இடம் தேடிப் போகும். ஜன்னல் திரை இழுத்து, ஃபேன் ஓடவிட்டு, தண்ணீர், சாப்பாடு, மண் தட்டு மூன்றும் ஹாலில் வைத்தாயிற்று.

ஹாலில் வைத்தது தவறு. திறந்த வெளியைக் கடந்துவர அதற்குத் துணிவு வராது. இரவு எல்லாவற்றையும் படுக்கையறைச் சுவரோரம் மாற்றியாயிற்று.

21.10.2025, செவ்வாய்

நேற்று இரவு 11 மணிக்கு ஒவ்வொரு நிலைப்படியிலும் இரண்டு ஸ்பூன் அரிசி மாவை டீ வடிகட்டியில் சலித்து, ஒரு சாண் அகலத்துக்கு மெல்லிசாகத் தூவியது. கோலப்பொடி வேண்டாம். பரல் பெரிது, தடம் நிற்காது; பாதத்தை நக்கும்போது கல்தூள் வாய்க்குள் போகும். நூல் கட்டிப் பார்ப்பதும் கூடாது, விழுங்கினால் குடலில் சுருண்டுவிடும்.

காலை 5.30. ஹால் நிலைப்படி மாவு அப்படியே. சமையலறையிலும் எறும்பு வரிசை மட்டும். படுக்கையறை நிலைப்படியும் கலையவில்லை. ஆனால் உள்ளே தண்ணீர்க் கிண்ணம் ஒரு விரற்கடை குறைந்திருக்கிறது, மண் தட்டில் எலுமிச்சை அளவு ஒரு கட்டி. ஆக, இருப்பது இந்த அறைக்குள்தான்.

அந்தக் கட்டி பெரிய நிம்மதி. ஆண் பூனை ஒளிந்துகொண்டு, தட்டில் சிறுநீரே இல்லாமல் இருந்தால் வழி அடைத்திருக்கலாம். அன்றே மருத்துவரிடம் போக வேண்டும், மறுநாள் வரை பொறுக்கக் கூடாது. சாப்பாடு தொடப்படவில்லை என்பதுதான் கவலை. இரண்டு மூன்று நாள் முழுப்பட்டினி கிடந்தால் பூனைக்கு ஈரலில் கொழுப்பு ஏறும், குண்டுப் பூனைக்கு இன்னும் சீக்கிரம். நாளை மாலைதான் கெடு.

22.10.2025, புதன்

காலை 9 மணி. தரையை விட்டு மேலே பார்த்தாயிற்று. ஸ்டூல் போட்டு ஏறி டார்ச்சைக் கிடையாகச் சாய்த்து அடித்தால் பீரோ தலையில் தூசி நிழல் விட்டுத் தெரியும். நான்கு விரல் தடங்கள், நகக் குறி இல்லை, ஒவ்வொன்றும் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல். போன தடமும் வந்த தடமும் ஒன்றன்மேல் ஒன்று. பரண் விளிம்பில் ஒரு கொத்துக் கறுப்பு முடி.

பரணில் கொலு பொம்மை அட்டைப்பெட்டி. பழைய வேட்டி சுற்றி வைத்த செட்டியாருக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவே இரண்டு கண்.

கை நீட்டவில்லை. பரணிலிருந்து மிரண்டு குதித்தால் கால் ஒடியும். பீரோ பக்கத்தில் நாற்காலி, அதற்குக் கீழே மோடா என்று படி அமைத்து, தோலும் முள்ளும் எடுத்த வேகவைத்த சங்கரா மீன் இரண்டு ஸ்பூனை, உப்பும் மசாலாவும் இல்லாமல், வெதுவெதுப்பாக பீரோ மேல் வைத்தாயிற்று. ஆறிய மீனுக்கு வாசனை எழாது. கதவைச் சாத்தி எல்லோரும் வெளியே.

11.20: தட்டு காலி. மாலை 4.10: மோடா மேல் உட்கார்ந்து பாதம் நக்குகிறது. மூச்சு நிமிடத்துக்கு 26, சரியான அளவு. வாய் திறந்து மூச்சு வாங்கவில்லை.

பெட்டியை இப்போது இறக்கவில்லை. மிச்ச வெடி தீரும்வரை அது அங்கேயே இருக்கட்டும், நாற்காலியும்.