ஒரு பென்னித் தாளில் வந்த கிராமத்துப் பாட்டு

'ஸ்கார்பரோ ஃபேர்' பாட்டை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கப் பாடகர்கள் சைமனும் கார்ஃபங்கலும் 1966-இல் பாடி உலகம் முழுக்கக் கொண்டுபோனது. பால் சைமன் அதை லண்டனில் மார்ட்டின் கார்த்தி என்ற நாட்டுப்பாடகரிடமிருந்து பிடித்துக்கொண்டார். கார்த்திக்கு அது இவான் மெக்கால், பெகி சீகர் இருவரும் போட்ட ஒரு பாட்டுப் புத்தகத்திலிருந்து கிடைத்தது. அவர்களுக்குக் கிடைத்தது இங்கிலாந்தின் வடக்கே மிடில்டன்-இன்-டீஸ்டேல் என்ற ஊரில், ஈயச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மார்க் ஆண்டர்சன் 1947-இல் பாடியதிலிருந்து. சரி, அவருக்கு முன்னால்? அங்கே தடம் மங்கிவிடும், ஆனால் தூரத்தில் இன்னொரு முனை தெரியும்: இதே பாட்டின் பழைய உறவுக்காரப் பாட்டு, நடக்காத காரியங்களைச் செய்துகாட்டச் சொல்லிக் காதலர் ஒருவரையொருவர் சோதிக்கும் அதே கதையோடு, 17-ஆம் நூற்றாண்டில் அச்சடித்த ஒரு தாளில் இருக்கிறது.

அச்சடித்த தாள் என்பதுதான் என்னை இந்த விஷயத்துக்குள் இழுத்துவிட்டது. இங்கிலாந்து நாட்டுப்பாடல் என்றாலே எழுதப் படிக்கத் தெரியாத உழவர் வாய்வழியாக, தலைமுறை தலைமுறையாக, காகிதமே படாமல் வந்த சொத்து என்றுதான் பொதுவாகப் பேச்சு. அந்தப் பேச்சைப் பரப்பியதில் பெரும்பங்கு செசில் ஷார்ப்புக்கு உண்டு.

ஷார்ப் லண்டனில் இசை ஆசிரியர். 1903-இல் சாமர்செட் பக்கம் ஹாம்பிரிட்ஜ் கிராமத்தில் நண்பர் சார்லஸ் மார்சன் என்ற பாதிரியார் வீட்டில் தங்கியிருக்கிறார். தோட்டக்காரர் புல் வெட்டிக்கொண்டே 'தி சீட்ஸ் ஆஃப் லவ்' பாடுகிறார். அவர் பெயர் ஜான் இங்கிலாந்து (கதையில் இப்படிப் பெயர் வைத்தால் யாரும் நம்ப மாட்டார்கள்). ஷார்ப் உடனே சுரம் எழுதிக்கொண்டு, பியானோவுக்கு இசை அமைத்து, அன்று மாலையே ஒரு பாடகியைப் பாட வைத்துவிட்டார். அதற்கப்புறம் அவர் நிற்கவே இல்லை, சாமர்செட் முழுக்க சைக்கிளில் சுற்றினார், முதல் உலகப்போர் சமயத்தில் உதவியாளர் மாட் கார்ப்பலஸோடு அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைக்கே போய், அங்கே குடியேறியவர்களின் சந்ததி இன்னும் பாடிக்கொண்டிருந்த பழைய ஆங்கிலப் பாட்டுகளையும் எழுதிக்கொண்டு வந்தார்.

ஆனால் அவர் முதல் ஆள் இல்லை. ஜான் பிராட்வுட் 1843-லேயே சசெக்ஸ், சர்ரி பக்கத்துப் பாட்டுகளைப் புத்தகமாகப் போட்டுவிட்டார். டெவன் பகுதியில் சபைன் பேரிங்-கூல்ட் என்ற பாதிரியார் 1880-களிலேயே கிழவர்களைத் தேடிப்போய் அவர்கள் பாடிய பாட்டுகளை எழுதிக்கொண்டார். 1898-இல் நாட்டுப்பாடல் சங்கமே தொடங்கிவிட்டது. அந்த வருஷமே அதன் செயலாளர் கேட் லீ ராட்டிங்டீன் கிராமத்துக் காப்பர் குடும்பத்துச் சகோதரர்களிடம் பாட்டுகளைக் குறித்துக்கொண்டார். அந்தக் குடும்பம் இன்றும் பாடுகிறது.

1907-இல் ஷார்ப் ஒரு புத்தகத்தில் தன் கொள்கையைச் சொன்னார். பாட்டு தொடர்ந்து கைமாறுகிறது, ஒவ்வொரு பாடகரும் கொஞ்சம் மாற்றுகிறார், ஊருக்குப் பிடித்த மாற்றம் மட்டும் தங்குகிறது. இந்தப் பகுதி எனக்கு இப்போதும் சரியாகவே படுகிறது. மெட்டுகள் பலவும் மேற்கத்திய இசையின் வழக்கமான மேஜர், மைனர் சுர வரிசைகளில் இல்லாமல், மோடு எனப்படும் பழைய சுர வரிசைகளில் இருப்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். ஸ்கார்பரோ ஃபேர் டோரியன் மோடில்தான் இருக்கிறது, நம் கணக்கில் கரகரப்ரியாவின் சுரங்கள். இடறுவது எங்கே என்றால், நகரத்து வாடை படாத கிராமத்தான் ஒருவனைக் கற்பனை செய்துகொண்டு, அவனிடம் இருப்பது மட்டுமே அசல் என்று அவர் வைத்துக்கொண்ட இடத்தில்.

உண்மையில் அந்தக் கிராமத்தான் சந்தைக்குப் போனான். சந்தையில் ஒருவர் பாடிக்கொண்டே அரை பென்னிக்கும் ஒரு பென்னிக்கும் பாட்டுத்தாள் விற்றார். ஒரு பக்கம் மட்டும் அச்சு, மேலே பாட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு மரக்கட்டைப் படம், சுரம் எதுவும் கிடையாது, 'இன்ன மெட்டில் பாடுக' என்று வேண்டுமானால் ஒரு வரி. நம்மூர் குஜிலிப் பாட்டுப் புத்தகங்களைப் பார்த்தவர்களுக்கு இந்த வியாபாரம் உடனே புரிந்துவிடும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் செவன் டயல்ஸ் பகுதியில் ஜான் பிட்ஸும் ஜேம்ஸ் கேட்னக்கும் போட்டிபோட்டு இவற்றை அடித்துத் தள்ளினார்கள். கொலை, தூக்கு, கப்பல் சண்டை, ஏமாந்த பெண், நாடக மேடையில் அந்த மாதம் பிரபலமான பாட்டு, எல்லாமே சரக்குதான். ஸ்டீவ் ரவுட் என்ற முன்னாள் நூலகர் பல்லாண்டு உழைத்து ஆங்கில நாட்டுப்பாடல்களுக்கு எண் கொடுத்து ஒரு பெரிய அட்டவணை செய்திருக்கிறார். அதில் தேடினால், கிழவர்களிடம் சேகரித்த பாட்டுகளில் பெரும்பாலானவை எப்போதோ இப்படித் தாளிலும் வந்தவை என்பது தெரிகிறது. 'பார்பரா ஆலன்' ஓர் உதாரணம். 1666 ஜனவரியில் சாமுவேல் பீப்ஸ் என்ற லண்டன் அரசு அதிகாரி அதை ஒரு நடிகை பாடக் கேட்டு ரசித்ததாக நாட்குறிப்பில் எழுதுகிறார். கேட்ட இடம் லண்டன், வயல்காடு அல்ல.

அப்படியானால் எல்லாம் போலி என்று சிலர் கிளம்பினார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. தாள் சொல்லைத்தான் கொடுத்தது. மெட்டு, இழுப்பு, எந்த வரியை விடுவது, எதைச் சேர்ப்பது எல்லாம் பாடியவர் கையில். எனக்குக் கோபம் வருவது வேறு விஷயத்தில். ஷார்ப்பும் மார்சனும் புத்தகம் போடும்போது படுக்கையறை சமாச்சாரம் உள்ள வரிகளை வெட்டி மாற்றினார்கள், பள்ளிப் பிள்ளைகள் பாட வேண்டுமாம். பேரிங்-கூல்டும் அதையே செய்தார், ஆனால் கேட்டபடி எழுதிய பிரதியையும் தனியே பாதுகாத்துவைத்தார், அதற்கு ஒரு கும்பிடு. அதே பாடகர்கள் ஆசையாகப் பாடிய மியூசிக் ஹால் (நகரத்துக் கேளிக்கை அரங்கு) பாட்டுகளைப் பெரும்பாலான சேகரிப்பாளர்கள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஆக, நமக்குக் கிடைத்திருப்பது அவர்கள் பாடியதில் ஒரு பகுதி.

இன்னொரு திசையில் மெட்டு மட்டும் பிய்த்துக்கொண்டு போன கதையும் உண்டு. இசையமைப்பாளர் ரால்ஃப் வான் வில்லியம்ஸ் சர்ரியின் ஃபாரஸ்ட் கிரீனில் ஒரு முதியவர் பாடிய உழவுப் பையன் பாட்டின் மெட்டை 1906-இல் தேவாலயப் பாட்டுப் புத்தகத்தில் சேர்த்தார். இங்கிலாந்தில் கிறிஸ்துமஸுக்கு 'ஓ லிட்டில் டவுன் ஆஃப் பெத்லகேம்' பாடுவது அந்த மெட்டில்தான். பாடுகிற பலருக்கு இது தெரியாது என்று நினைக்கிறேன்.

எல்லோரிலும் எனக்குப் பிடித்தவர் பெர்சி கிரெய்ஞ்சர், ஆஸ்திரேலியாக்காரர். 1906-இல் லிங்கன்ஷயருக்கு ஃபோனோகிராஃப் கருவியைத் தூக்கிக்கொண்டு போய் மெழுகு உருளைகளில் பாட்டைப் பதிந்தார். நாட்டுப்பாடல் சங்கத்தில் சிலருக்கு இது பிடிக்கவில்லை, காதால் கேட்டு எழுதினால் போதும் என்றார்கள். ஆனால் அந்த உருளையைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டதில்தான், ஒரே பாடகர் ஒவ்வொரு அடியிலும் தாளத்தையும் சுரத்தையும் மாற்றுவது கிரெய்ஞ்சருக்குப் பிடிபட்டது. அதைப் பிழை என்று திருத்தாமல் அப்படியே எழுதினார். அப்படிப் பதிந்தவர்களில் ஜோசப் டெய்லர் என்பவர் எழுபதைத் தாண்டியவர், பண்ணை மேற்பார்வையாளர். 1908-இல் கிராமஃபோன் கம்பெனி அவர் குரலில் இசைத்தட்டே வெளியிட்டது. இணையத்தில் தேடினால் கிடைக்கும். 'பிரிக் ஃபேர்' பாட்டிலிருந்து ஆரம்பியுங்கள், கரகரப்புச் சத்தத்துக்குக் காது பழக ஒரு நிமிஷம் ஆகும், அப்புறம் அந்தச் சின்னச் சின்ன அசைவுகள் துல்லியமாக விழும்.