மலை ஓட்டம்: ஏறுவதைவிட இறங்கத் தயாராகுங்கள்

நெடுந்தூர மலை ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்ததும் எல்லோரும் ஏற்றத்தை நினைத்துத்தான் கவலைப்படுவார்கள். ஏற்றத்தில் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். வேகத்தைக் குறைத்தால் மூச்சு திரும்பிவிடும். ஆளைக் கவிழ்ப்பது இறக்கம். இறங்கும்போது ஒவ்வோர் அடியிலும் தொடையின் முன்பக்கத் தசை நீண்டுகொண்டே இறுகி, உடல் எடையைவிட அதிகமான விசையைத் தாங்கிப் பிடிக்கிறது. இப்படி நீளும் நிலையில் வேலை செய்யும் தசை நார்களில் நுண்ணிய கிழிசல்கள் விழும். எவ்வளவு ஓய்வெடுத்தாலும் அன்றைக்குள் ஆறாது. 30-ஆவது கிலோமீட்டருக்குப் பிறகு சமதளத்தில்கூட ஓட முடியாமல் நடப்பவர்களைக் கவனித்துப் பாருங்கள். மூச்சு சீராக இருக்கும், கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்காது. பெரும்பாலும் முதல் பெரிய இறக்கத்தில் உற்சாகமாகப் பாய்ந்து இறங்கியதன் விளைவு அது.

முதலில் கணக்கு. தூரத்தை மட்டும் வைத்து நேரத்தைக் கணித்தால் தவறும். ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் 1 கி.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். 50 கி.மீ. தூரம், 2,500 மீட்டர் மொத்த ஏற்றம் என்றால், கால்களுக்கு அது 75 கி.மீ. சமதளத்தில் 50 கி.மீ.யை 6 மணி நேரத்தில் முடிப்பவருக்கு இங்கே 9 மணி நேரம் ஆகும். பாறையும் சேறும் அதிகம் என்றாலோ, இரவில் ஓடவேண்டும் என்றாலோ அதற்கும் மேல். மொத்த ஏற்றத்தோடு நிறுத்திவிடாமல் பாதையின் உயர வரைபடத்தையும் பாருங்கள். பெரிய இறக்கம் தொடக்கத்தில் வருகிறதா, கடைசியில் வருகிறதா என்பதுதான் முக்கியம். தொடக்கத்திலேயே வந்தால் அங்கே மற்றவர்களை முன்னே போக விடுவதற்கு மனசு வேண்டும்.

பயிற்சியில் நல்ல செய்தி ஒன்று உண்டு. தசை ஒருமுறை இறக்கத்தில் அடிபட்டு ஆறிவிட்டால், அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையைக் குறைந்த சேதத்தோடு செய்யும். அதனால் போட்டிக்கு எட்டு முதல் பத்து வாரம் முன்பே இறக்கப் பயிற்சியைத் தொடங்குங்கள். முதல் தடவை மிதமான சரிவில் மொத்தம் 300 மீட்டர் இறங்கினால் போதும். மறுநாளைவிட அதற்கடுத்த நாள்தான் தொடை அதிகம் வலிக்கும், அது இயல்பு. வலி முழுதாகப் போன பிறகே அடுத்தது. பத்து நாளுக்கு ஒருமுறை என்று கூட்டிக்கொண்டே போய் 1,000 மீட்டர்வரை கொண்டுவரலாம். கடைசிக் கடினமான இறக்கம் போட்டிக்கு இரண்டு மூன்று வாரம் முன்னால் முடிந்திருக்க வேண்டும். கடைசி வாரத்தில் 'ஒரு தடவை பார்த்துவிடலாம்' என்று இறங்குவது, கிழிந்த தசையோடு போட்டிக்குப் போவதற்குச் சமம்.

பக்கத்தில் மலை இல்லையென்றால் படிக்கட்டு. 20 செ.மீ. உயரமுள்ள படியில் ஒற்றைக்காலில் நின்று, மற்றக் காலை நான்கு வினாடி எடுத்து மெதுவாகக் கீழே இறக்குங்கள். குதிகால் தரையைத் தொட்டதும் மேலே வாருங்கள். காலுக்குப் பத்துத் தடவை, மூன்று சுற்று, வாரம் இரண்டு முறை. முழங்கால் உள்பக்கம் சரியாமல், கால்விரல்களுக்கு நேராக மடங்க வேண்டும். சரிந்தால் படியின் உயரத்தைக் குறையுங்கள். டிரெட்மில்லில் சாய்வு வைத்து ஓடினால் ஏற்றத்துக்கு உதவும், இறக்கத்துக்கு அது ஈடாகாது.

இறங்கும் முறையும் பழகவேண்டியதுதான். பயத்தில் உடல் தானாகவே பின்னால் சாயும். சாய்ந்தால் கால் முன்னே நீண்டு குதிகால் முதலில் பதியும். சரளையில் அப்படியே வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிடுவீர்கள். அடியைக் குறுக்கி, எண்ணிக்கையைக் கூட்டுங்கள். பாதம் இடுப்புக்குக் கீழேயே பதியட்டும், முழங்கால் சற்று மடங்கியே இருக்கட்டும், கைகள் பக்கவாட்டில் விரியட்டும். பார்வை காலடியில் வேண்டாம், மூன்று நான்கு மீட்டர் முன்னே இருக்கட்டும். இப்போது பதியும் அடியை முன்பே பார்த்தாயிற்று, கண் தேடவேண்டியது அதற்கடுத்தவற்றை. ஈரமான வேர்மேல் மிதிக்கவே கூடாது. ஆடும் கல்லில் மிதித்துவிட்டால் அதிலேயே நிலைக்கப் பார்க்காமல் அடுத்த அடிக்குப் போய்விடுங்கள். கணுக்கால் பிசகுவது தயங்கி நிற்கும் அந்த நொடியில்தான்.

ஏற்றத்துக்கு அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. நடங்கள். சரிவு ஏறத்தாழ 15 டிகிரியைத் தாண்டினால், அதாவது 100 மீட்டருக்கு 27 மீட்டர் ஏறினால், நம்மைப் போன்ற சாதாரண வேகக்காரர்களுக்கு ஓடுவதைவிட வேகமாக நடப்பதே சிக்கனம். கைகளைத் தொடைமேல் ஊன்றி நடக்கலாம், போல்ஸ் (இரு கையிலும் ஊன்றி நடக்கும் கோல்கள்) இருந்தால் இன்னும் நல்லது. போல்ஸ் எடுத்துப் போவதானால் கட்டாயம் பழகிவிட்டுப் போங்கள். பழகாத கைக்கு அது இடையூறுதான். முதல் மூன்றில் ஒரு பங்குத் தூரத்துக்கு, முழு வாக்கியம் மூச்சுவிடாமல் பேச முடிகிற வேகத்தைத் தாண்டாதீர்கள்.

கால்களுக்கு அடுத்தபடியாக ஓட்டத்தை முடித்துவைப்பது வயிறு. கடும் உழைப்பில் ரத்தம் தசைக்கும் தோலுக்கும் போய்விடுகிறது; குடலுக்குக் கிடைப்பது குறைந்து செரிமானம் படுத்துக்கொள்கிறது. வெயிலும் வேகமும் கூடினால் இது இன்னும் மோசமாகும். மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து நல்ல இலக்கு. குளுக்கோஸ் மட்டும் என்றால் குடல் ஏறத்தாழ அந்த அளவைத்தான் உறிஞ்சும். பிரக்டோஸ் வேறு வழியாக உள்ளே போவதால், இரண்டும் கலந்ததைச் சாப்பிட்டுப் பழகியவர்கள் 90 கிராம்வரை போகலாம். ஓடும்போது விழுங்கும் கெட்டிச் சர்க்கரைக் கூழான ஜெல் ஒன்றில் பொதுவாக 20 முதல் 25 கிராம் இருக்கும். 9 மணி நேரத்துக்கு 540 கிராம் என்று கணக்குப் போட்டால் இருபதுக்கும் மேற்பட்ட ஜெல். ஐந்தாவது மணியில் அந்த இனிப்பை நினைத்தாலே குமட்டும். அதனால் உப்பு போட்ட அவித்த உருளைக்கிழங்கு, ரொட்டி, சூப் என்று திடமானதையும் உப்பானதையும் இடையில் வையுங்கள். ஜெல்லைத் தண்ணீரோடுதான் விழுங்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் விழுங்கினால் அந்தக் கெட்டிச் சர்க்கரை வயிற்றிலேயே தங்கிவிடும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரத்தில் அலாரம் வையுங்கள், பசி சொல்லட்டும் என்று காத்திருந்தால் தாமதமாகிவிடும். பயிற்சி ஓட்டத்தில் சாப்பிடாத எதையும் போட்டியில் வாயில் வைக்காதீர்கள். குமட்டல் வந்துவிட்டால் சாப்பாட்டை நிறுத்தி, 15, 20 நிமிடம் மெதுவாக நடந்து, தலையையும் கழுத்தையும் நனைத்து, தண்ணீரை மடக்கு மடக்காகக் குடியுங்கள். பலருக்கும் இது போதும்.

தண்ணீர் குறைந்தாலும் தொல்லை, கூடினாலும் தொல்லை. கூடினால்தான் ஆபத்து அதிகம். பயிற்சியில் ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லிட்டர் வியர்வை. இடையில் குடித்ததையும் அதோடு கூட்டுங்கள். அதில் முழுவதையும் ஈடுகட்டத் தேவையில்லை, தாகத்துக்குக் குடித்தால் போதும். போட்டி முடிவில் எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் தலைவலி, வாந்தி, விரல் வீக்கம், குழப்பம் என்று வரும். இதைத் தண்ணீர்ப் பற்றாக்குறை என்று நினைத்து மேலும் தண்ணீர் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. உப்பு மாத்திரை போட்டிருக்கிறோம் என்ற தைரியத்தில் லிட்டர் கணக்கில் குடிப்பவர்களையும் அது காப்பாற்றாது. வலிக்கு ஐபுப்ரோபென் போட்டுக்கொண்டு ஓடுவது சிலருக்குச் சாதாரணமாகிவிட்டது. ஏற்கெனவே ரத்த ஓட்டம் குறைந்திருக்கும் சிறுநீரகத்துக்கு அது கூடுதல் அடி. வேண்டாம்.

ஷூ விஷயத்தில் ஒன்றே ஒன்று: இறக்கத்தில் பாதம் முன்னால் சறுக்கி விரல்நுனி ஷூவில் மோதுவதால்தான் நகம் கறுக்கிறது. முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விட்டு வாங்குங்கள். பிறகு லேஸ். மேலே கடைசியாக இருக்கும் இரண்டு துளைகளில், ஒரே பக்கத்துத் துளைகளுக்குள் லேஸை நுழைத்துச் சின்ன வளையம் விடுங்கள், மறுபக்கமும் அப்படியே. ஒரு பக்க நுனியை எதிர்ப்பக்க வளையத்துக்குள் விட்டு, கீழ்நோக்கி இழுத்து இறுக்கிக் கட்டுங்கள். குதிகால் பின்னால் பூட்டிக்கொள்ளும், விரல் முன்னே போகாது. பாதத்தில் எங்காவது சூடாக உறுத்தினால் அந்த நிமிடமே நின்று, மணலைத் தட்டி, ஈரத்தைத் துடைத்து டேப் ஒட்டுங்கள். அடுத்த எய்ட் ஸ்டேஷனில் (வழியில் தண்ணீரும் சாப்பாடும் தரும் இடம்) பார்த்துக்கொள்ளலாம் என்றால் அங்கே கொப்புளம்தான் இருக்கும்.

போட்டி நடத்துபவர்கள் கட்டாயம் எடுத்து வரச் சொல்லும் பொருள்களை வெறும் எடை என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். ஓடும்வரை தெரியாது. கணுக்கால் பிசகி உட்கார்ந்தால் பத்தே நிமிடத்தில் நடுக்கம் வரும், அப்போது மழைச் சட்டையும் ஃபாயில் போர்வையும்தான் துணை. பருத்திச் சட்டை கூடவே கூடாது, நனைந்தால் உடல் சூட்டை உறிஞ்சிவிடும். ஹெட்லாம்ப் பேட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கும். மாற்றுப் பேட்டரியை உடம்போடு ஒட்டிய பையில் வையுங்கள். விசிலால் உதவி கேட்பதற்குப் பல மலைப் பகுதிகளில் வழக்கமான முறை: நிமிடத்துக்கு ஆறு ஊதல், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு.

கட் ஆஃப் நேரம் (அதற்குள் வராதவர்களை நிறுத்திவிடும் கெடு) பறிபோவது பாதையைவிட எய்ட் ஸ்டேஷனில் அதிகம். ஐந்து இடத்தில் பத்துப் பத்து நிமிடம் நின்றால் 50 நிமிடம் காலி. வருவதற்கு முன்பே மூன்று வேலைகளை மனதில் வையுங்கள்: பாட்டில் நிரப்ப, குப்பை போட, சாப்பாடு எடுக்க. எடுத்ததை நடந்துகொண்டே சாப்பிடலாம்.

விலக முடிவு செய்தால், எண் பட்டையைக் காட்டிப் பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டே போகவேண்டும். சொல்லாமல் கிளம்பிப் போன ஒருவரைத் தேடி இரவெல்லாம் மீட்புக் குழு மலையில் அலையும். முடித்த பிறகோ, விலகிய பிறகோ சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அதைச் சோர்வு என்று விட்டுவிடாதீர்கள். சிதைந்த தசையின் புரதம் சிறுநீரகத்தை அடைக்கத் தொடங்கியிருக்கலாம். வலி மாத்திரை எதுவும் போடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.