குடிக்காதவளின் கோன்யாக்

நான் மது அருந்துவதில்லை. எப்போதோ ஒருமுறை நாவில் பட்ட ஒரு துளி விஸ்கி தொண்டைவரை எரித்ததோடு அந்த ஆசை, தொடங்கும் முன்பே அடங்கிவிட்டது. ஆனாலும் இரண்டு ஆண்டுகளாக மாலை வேளைகளில் என் மணிக்கட்டிலிருந்து எழுவது பிராந்தியின் மணம்தான். பெண்களுக்கான வாசனைத் திரவியம் என்றாலே மலர்களும் பழச்சாற்றின் இனிப்பும்தான் என்று பழகியவர்களுக்கு இது விநோதமாகத் தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. குடித்தவர் அருகில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஒருத்திக்கு, மதுவின் சாயல் கொண்ட சென்ட் எப்படிப் பிடித்துப்போனது என்று அறிந்துகொள்ளத்தான் இந்த வகையைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்கத்தான் புரிந்தது, இத்தனை நாள் என்னை மயக்கியது அந்த மது ஊறிக் கிடந்த மரம் என்று.

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிடுகிறேன். எந்த வாசனைத் திரவியத்தைத் தெளித்தாலும் முதல் சில நொடிகளில் மூக்கைச் சுரீர் என்று தாக்குவது, மணப்பொருள்களைக் கரைத்து வைத்திருக்கும் எத்தனால். ஓ த பர்ஃப்யூம் எனப்படும் வகையில் மணச்சாறு ஏறத்தாழ 15 முதல் 20 சதவீதம்தான். எஞ்சியதில் பெரும்பகுதி இந்த ஆல்கஹால். அது ஓரிரு நிமிடங்களில் ஆவியாகிவிடும். மதுமணம் என்று சொல்லப்படுவது இதன் பின்னர் மெல்ல எழுந்து மணிக்கணக்கில் நிற்பது, இரண்டுக்கும் தொடர்பில்லை. இந்த வேறுபாடு தெரியாத காலத்தில், தெளித்த கையோடு காலைக் கூட்டம் ஒன்றுக்குள் நுழைந்துவிட்டேன். பக்கத்து இருக்கைக்காரர் என்னை ஒருமுறை, என் தண்ணீர்ப் புட்டியை ஒருமுறை பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விளக்கமாவது சொல்லியிருப்பேன்.

மரத்துக்கு வருகிறேன். வடிகலத்திலிருந்து இறங்கும் பிராந்தியோ விஸ்கியோ தண்ணீரைப் போல நிறமற்றிருக்கும். பிரான்ஸின் கோன்யாக் பகுதியில் வடிக்கப்படும் பிராந்தி, கோன்யாக் என்ற பெயரைப் பெறுவதற்கே குறைந்தது 2 ஆண்டுகள் ஓக் மரப் பீப்பாயில் கிடந்தாக வேண்டும். நல்லவை பல பத்தாண்டுகள் கிடக்கின்றன. பீப்பாய் செய்யும்போது பலகைகளை வளைப்பதற்காக உட்புறத்தை நெருப்பில் வாட்டுவார்கள். அந்தச் சூட்டில், மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் சிதைந்து வனிலின் உருவாகிறது. வனிலாக் காயின் மணத்துக்குக் காரணமான அதே சேர்மம். கிராம்புக்கு மணம் தரும் யூஜெனாலும் ஓக்கில் உண்டு. ஓக் லாக்டோன் என்ற மற்றொன்று தேங்காயை நினைவூட்டும். குவாயகால் புகையை நினைவூட்டும். ஆக, ஒரு பழைய பிராந்தியை முகர்ந்துவிட்டு வனிலா, கிராம்பு, தேங்காய், புகை என்று ரசிகர்கள் அடுக்கும் சொற்களில் பாதிக்கு மேல் பீப்பாய்க்குச் சேர வேண்டியவை. மதுவும் மரமும் கலந்த வாசனைத் திரவியங்கள் இத்தனை இயல்பாகப் பொருந்தி மணப்பதற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். அவை முன்பே பலகாலம் ஒன்றாகக் குடியிருந்தவை.

வாசனை வடிவமைப்பாளர்கள் இந்த விளைவை எட்டும் வழிகள் பல. கோன்யாக் எண்ணெய் என்றே ஒரு பொருள் உண்டு. ஒயின் புளித்து முடிந்தபின் அடியில் தங்கும் ஈஸ்ட் மண்டியை நீராவியில் வடித்து எடுப்பது. தனியாக முகர்ந்தால் பச்சையும் கொழுப்பும் கலந்த ஒரு முரட்டு நெடி. மிகச் சிறிய அளவில் சேர்த்தால்தான் அது மதுவாக மாறும். எனக்கு அதைவிடச் சுவையாகப் பட்ட செய்தி வேறொன்று. ரம்மில் ஊறிய உலர்பழம் போன்ற மணத்துக்காக உலகெங்கும் பயன்படுத்தப்படும் தவனா எண்ணெய், நாம் மரிக்கொழுந்து என்று அழைக்கும் செடியிலிருந்து வருவது. வெளிநாட்டுப் புட்டியின் குறிப்பில் 'தவனா' என்று படித்து, ஏதோ தொலைதூரக் காட்டுச் செடி என்று நான் கற்பனை செய்திருந்ததை இங்கே ஒப்புக்கொண்டாக வேண்டும். வெட்டிவேரும் அப்படித்தான், தமிழிலிருந்து போன சொல்லே இன்று பாரிஸ் புட்டிகளில் 'வெட்டிவர்' என்று நிற்கிறது, இந்த வகைத் திரவியங்கள் பலவற்றின் அடிமணத்தில், அதாவது கடைசிவரை தங்கும் மணத்தில், அதுவும் இருக்கிறது.

கதகதப்பு என்று நாம் உணர்வது பெரும்பாலும் பிசின்களின் வேலை. சாம்பிராணிப் பிசின், சிஸ்டஸ் புதரிலிருந்து கிடைக்கும் லாப்டானம், கூமரின் நிறைந்த டோங்கா விதை ஆகிய மூன்றும் வனிலாவோடு சேரும்போது தோலின் மேல் மெல்லிய போர்வை விரித்தது போலிருக்கும். இவற்றின் மூலக்கூறுகள் கனமானவை, மெல்லவே ஆவியாகின்றன. எலுமிச்சை வகைகள் அரை மணியில் பறந்துவிட, இவை இரவு வரை நிற்பது அதனால்தான்.

நான் பூசுவது கிலியான் நிறுவனம் 2020-இல் வெளியிட்ட ஏஞ்சல்ஸ் ஷேர்; வடிவமைத்தவர் பெனுவா லபூசா. நிறுவனர் கிலியான் ஹென்னெசி, கோன்யாக் தயாரிப்பில் புகழ்பெற்ற ஹென்னெசி குடும்பத்தின் வழித்தோன்றல் என்பதை அறிந்தால் இந்தப் பெயரின் பின்னணி விளங்கும். பீப்பாயில் கிடக்கும் மதுவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 2 சதவீதம் மரத்தின் நுண்துளைகள் வழியே ஆவியாகிப் போகிறது. அந்த இழப்பைத்தான் தேவதைகளின் பங்கு என்கிறார்கள். (அந்த ஆவியை உண்டு வாழும் ஒரு கரிய பூஞ்சை கோன்யாக் நகரின் கிடங்குச் சுவர்களில் படிகிறது, தேவதைகளுக்குப் போகும் பங்கில் பூஞ்சைக்கும் ஒரு கை.) தெளித்தவுடன் முதலில் வருவது கோன்யாக், உடனே இலவங்கப்பட்டை. அரை மணிக்குப் பின் சர்க்கரைப் பாகில் வறுத்த பருப்பின் இனிப்பும் டோங்காவும் எழும்பி, அடுத்த ஒரு மணி நேரம் என் ரசனைக்குச் சற்று மிகையாகவே தித்திக்கிறது. அந்தக் கட்டத்தைப் பொறுத்துக்கொண்டால் ஓக்கும் சந்தனமும் மேலே வரும். நான் காத்திருப்பது அதற்காகத்தான்.

இதை ஆண், பெண் இருவருக்குமாகத்தான் விற்கிறார்கள். ஆயினும், மரமணம் ஆணுக்கு, மலர்மணம் பெண்ணுக்கு என்ற பாகுபாடு விற்பனைப் பலகைகளில் இன்னும் அழியவில்லை. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. வாசனை வடிவமைப்பாளர் எர்னஸ்ட் போ, ஷனேல் நிறுவனத்துக்காக 1926-இல் உருவாக்கிய புவா தெஸ் இல், சந்தனத்தை நடுநாயகமாக வைத்துப் பெண்களுக்கென்றே செய்யப்பட்டது. 1992-இல் பிரெஞ்சுக் கலைஞர் செர்ஜ் லூதன்ஸின் எண்ணத்தில் ஜப்பானிய நிறுவனமான ஷிசெய்டோ வெளியிட்ட ஃபெமினிதே து புவா, அட்லஸ் சீடார் மரத்தையும் உலர்ந்த பிளம் பழச் சாயலையும் இணைத்தது. 'மரத்தின் பெண்மை' என்ற பெயரே போதும். மதுவை நேரடியாகத் தொட்டது 2007-இல் வந்த, கெர்லான் நிறுவனத்தின் ஸ்பிரிதுயூஸ் தூப்ள் வனில். ரம்மில் ஊறிய வனிலா. இந்த மூன்றையும் முகர்ந்த பிறகு, மரம் ஆண்களின் சொத்து என்று யாரேனும் சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

பூசும் முறையில் நான் கற்றவை கொஞ்சம்தான், அவையும் தவறு செய்து கற்றவை. இவ்வகைக்கு இரண்டு தெளிப்பே ஏராளம். மூடிய அறையில் மூன்றாவது தெளிப்பு மற்றவர்களுக்குத் தலைவலி. வறண்ட தோலில் மணம் விரைவில் தளர்ந்துவிடுவதால், வாசனையில்லாத ஈரப்பதக் களிம்பை முன்னதாகத் தடவிக்கொள்கிறேன். வெயில் கொளுத்தும் பகலில் டோங்காவும் வனிலாவும் திகட்டிப்போகும். மழை நாளும் குளிர்ந்த மாலையும்தான் இதற்கு உகந்தவை. வாங்கும் முன் காகிதப் பட்டையில் முகர்ந்து முடிவெடுப்பதை நான் நம்புவதில்லை. காகிதத்துக்கு உடற்சூடு கிடையாது. அடிமணம் அதில் முழுமையாக விரிவதில்லை. தோலில் ஒருமுறை தெளித்துக்கொண்டு, கடையை விட்டு வெளியேறி, நான்கு மணி நேரம் கழித்து முகர்ந்து பார்க்க வேண்டும். அப்போது இருப்பதைத்தான் நாள் முழுவதும் சுமக்கப்போகிறோம். புட்டியை வெளிச்சமும் சூடும் படாமல் அதன் பெட்டிக்குள்ளேயே வைக்கிறேன், அலமாரியில் அழகாகத் தெரிய வேண்டும் என்ற ஆசையைத் துறந்து.

நேற்று இரவு நாற்காலியில் போட்டுவிட்டுப் போன கம்பளிச் சால்வையை இன்று காலை எடுத்து முகர்ந்தேன். கோன்யாக் போயிருந்தது, இலவங்கப்பட்டையும் இனிப்பும் போயிருந்தன. பழைய மர அலமாரியைத் திறந்தாற்போல, லேசான புகையோடு உலர்ந்த மரம் மட்டும் அதில் தங்கியிருந்தது. இன்றும் அதையே போர்த்திக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.